ஒன்றேகால் அங்குல வார்

அல்சூர் ஏரியை ஒட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தின் மதிலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது அந்தத் தையல் கடை. பெயர்ப் பலகை கிடையாது. சீருடையைப் பிடித்துத் தைப்பது, பெல்ட்டுக்குத் துளை போடுவது, அறுந்த பைக்கு வார் வைப்பது என்று நாள் ஓடுகிறது. கடைக்காரர் குடியாத்தத்துக்காரர், அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற ஹவில்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய அக்காள் மகன் வந்து நின்றான். பாராசூட் ரெஜிமெண்ட்டின் சிறப்புப் படையில் இருப்பவன். எந்த ஊரில் வேலை என்பது பெற்றவளுக்கே தெரியாது. ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் பெங்களூரில்தான் இருக்கிறது. அங்கே ஏதோ வேலையாக வந்தவன் மாமாவைப் பார்க்க ஒரு காரணமும் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, டவோருக்கு ஒரு ஸ்லிங் தைச்சுக் குடுங்க. மேலே பர்மிஷன் வாங்கிட்டேன்."

துப்பாக்கிக்கு வார் தைப்பது ஹவில்தாருக்குப் புதிதல்ல. பணியில் இருந்தபோது எத்தனையோ வார்களைப் பிரித்துத் தைத்திருக்கிறார். ஆனால் டவோரை அவர் கையால் தொட்டதில்லை. மருமகன் அதை வீட்டுக்கு எடுத்து வரவும் முடியாது. ஆகவே ஒரு மரச்சட்டத்தை 72 சென்டிமீட்டருக்கு அறுத்தார்.

அந்த நீளம்தான் அவரை முதலில் திகைக்க வைத்தது. இன்சாஸ் துப்பாக்கி 96 சென்டிமீட்டர். இஸ்ரேலியத் தயாரிப்பான டவோர் 72 தான். ஆனால் இரண்டின் குழலும் ஏறக்குறைய ஒரே நீளம், சுமார் 46 சென்டிமீட்டர். மிச்சம் பிடித்த இடம் எங்கே போனது? புல்பப் வகைத் துப்பாக்கியின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. மேகஸினும் தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறியும் விசைக்கு முன்னால் இல்லாமல் பின்னால், தோளில் அணைக்கும் கட்டைக்குள்ளேயே போய்விடுகின்றன. வண்டிக்குள்ளும் குறுகலான வீட்டுக்குள்ளும் திருப்புவது சுலபம். 2002ன் கடைசியில் இந்தியா 3,070 டவோர்களுக்கு ஏறத்தாழ 88 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டது. முதலில் வந்தவை திருப்தியாக இல்லை என்று சொல்லப்பட்டு, மாற்றங்கள் செய்து, 2006ல் மறுபடி சோதித்த பிறகே மீதி வரத் தொடங்கின. பத்திரிகைகள் இதையெல்லாம் விவரமாக எழுதின. அதைத் தோளில் மாட்டும் வாரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நியாயம்தான், வாருக்கெல்லாம் யார் டெண்டர் செய்தி படிப்பார்கள்?

மருமகனின் தொல்லை வாரில்தான் இருந்தது. ஒற்றை முனை வார் அவனுடையது. கழுத்தைச் சுற்றி வந்து, துப்பாக்கியின் பின்பக்க வளையம் ஒன்றில் மட்டும் மாட்டுவது. நிற்கும்போது சொகுசு. ஓடும்போது துப்பாக்கி பெண்டுலம் மாதிரி ஆடி, குழல் முனை முழங்காலைப் பதம் பார்க்கும். கயிற்றில் ஏறும்போது இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். துப்பாக்கி எங்கே போகிறது என்பது அதன் இஷ்டம். பேன்ட்டைச் சுருட்டி, கன்றிப்போன முழங்காலைக் காட்டினான். நண்பன் ஒருவனின் இரட்டை முனை வாரையும் போட்டுப் பார்த்திருக்கிறான். அது இன்சாஸுக்கு வெட்டியது. டவோரில் முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் இடையே தூரம் குறைவு என்பதால், வார் தொங்கிப்போய் இடதுபக்கம் முன்னால் இருக்கும் காக்கிங் ஹேண்டிலில் சிக்கிக்கொண்டது.

"சிக்கிச்சா?" என்று கேட்ட ஹவில்தார், கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு 1988 ஞாபகம். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன சாப்பர்களில் அவரும் ஒருவர். வவுனியாவுக்கு வடக்கே சாலையில் கண்ணிவெடி தேடும் வேலை. எதிரில் இருந்தவர்களிடம் ஏ.கே. 47, இவர்களிடம் 114 சென்டிமீட்டர் நீளத்தில் எஸ்.எல்.ஆர். ஒரு நாள் லாரி மீது சூடு விழுந்தது. எல்லோரும் குதித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிக்காரரும் குதித்தார். ஆனால் அவருடைய துப்பாக்கியின் கேன்வாஸ் வார் லாரியின் பின்கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. வார் குறுக்காக உடம்பைச் சுற்றியிருந்தது. கால் தரையில் படாமல் அவர் தொங்கியது எண்ணி நாலைந்து விநாடி. அதற்குள் தொடையில் குண்டு பாய்ந்தது. வாரைக் கத்தியால் அறுத்து அவரை இறக்கியவர் இந்த ஹவில்தார்தான். கால் போயிற்று. சுட்டவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டதும் தமிழில்தான், தொங்கியவர் அலறியதும் தமிழில்தான் என்பதை ஹவில்தார் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. 1990ல் படை திரும்பியபோது ஏறக்குறைய 1,200 ஜவான்களை இழந்திருந்தது. வார் சிக்கியவர் அந்தக் கணக்கில் வரவில்லை. ஊரில் டீக்கடை வைத்துப் பிழைத்தார்.

ஆகவே ஹவில்தார் முதலில் சொன்னது ஒரே ஒரு நிபந்தனை: அமுக்கினால் கழலும் பக்கிள் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மருமகன் ஒப்பவில்லை. துப்பாக்கி உடம்பை விட்டுப் போகவே கூடாது என்பது அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். காஷ்மீரில் 2016ல் போலீஸாரிடமிருந்து துப்பாக்கி பறிக்கும் சம்பவங்கள் பெருகியபோது, துப்பாக்கியை இடுப்பு பெல்ட்டோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு காவலுக்கு நின்றவர்கள் உண்டு. துப்பாக்கியைத் தொலைத்த ஜவானுக்கு விசாரணை, தண்டனை எல்லாம் காத்திருக்கிறது. "பக்கிள் தானா கழண்டுக்கிட்டா என்ன மாமா பண்றது?"

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருந்தது. உடம்போடு பிணைத்த துப்பாக்கி பறிபோகாது. சிக்கினால் ஆளையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மத்தியானச் சாப்பாடு வரை வாக்குவாதம் நடந்தது. ஹவில்தாரின் மனைவி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பிட்ட பிறகு வேலை தொடங்கியது. மரச்சட்டத்தின் பின்முனையில் மணல் நிரப்பிய கேன்வாஸ் பை ஒன்றை ஆணி அடித்துக் கட்டினார்கள். காலித் துப்பாக்கியே 3.3 கிலோ, தோட்டா நிரப்பிய மேகஸின் இன்னொரு அரைக் கிலோ. பாரம் பெரும்பாலும் பின்னால். மருமகன் கைப்பிடி இருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இப்போ சரி, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் வரை மணலை அள்ளிப் போட்டும் எடுத்தும் சரிபார்த்தார்கள்.

வார் இரட்டை முனைதான் என்று முடிவாயிற்று. ஒன்றேகால் அங்குல அகல நைலான் நாடா. பாரம் பின் வளையத்தில் இறங்குவதால் அந்த முனையில் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறியாக இரட்டைத் தையல். வெட்டிய முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினார். இல்லாவிட்டால் பிசிறு கழுத்தை அறுக்கும். வளையத்துக்குள் நுழைத்த நாடாவை மூன்று கம்பி பக்கிளில் ஒரு முறை விட்டால் போதாது. திரும்பவும் தன்மேலேயே மடக்கி உள்ளே விட வேண்டும். நனைந்த நைலான் வழுக்கும். மிச்ச வாலை நாலு விரற்கடைக்கு மேல் விடாமல், ரப்பர் வளையத்தில் செருகினார். தொங்கும் வால்தான் எதிலாவது மாட்டும் என்பது அவருக்குத் தெரியும். இரும்புக் கொக்கி வளையத்தில் பட்டுக் கிணுகிணுக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார்.

முன்முனை எந்தப் பக்கம்? இடப்பக்கம் விட்டால் உடம்போடு ஒட்டி நிற்கும், ஆனால் காக்கிங் ஹேண்டிலின் பாதையில் வரும். வலப்பக்கம் விட்டால் வெற்றுக் கூடு தெறிக்கும் வாய்க்குக் குறுக்கே போகும் அபாயம். புல்பப்பில் அந்த வாய் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடப்பக்கமே என்று வைத்து, முன்பகுதியை மட்டும் குட்டையாகப் பிடித்தார்கள். நடுவில் இழுத்தால் இறுகி, தள்ளினால் தளரும் பட்டி ஒன்று. நடக்கும்போது நெஞ்சோடு இறுக்கி, சுடும்போது தளர்த்தலாம்.

பக்கிள் கடைசியில் வந்தது. நெஞ்சில் வைத்தால் தவழும்போது தரையில் அமுங்கிக் கழலும். தோள்பட்டைக்குப் பின்னால் வைத்தால் கை எட்டாது. மருமகன் சட்டத்தை மாட்டிக்கொண்டு கடைத் தரையில் தவழ்ந்தான், கதவு நிலையில் வாரை வேண்டுமென்றே மாட்டித் தொங்கினான், இடக்கையால் துழாவினான். விலாவுக்குப் பக்கத்தில், அக்குளுக்கு நாலு விரல் கீழே, கை தானாகப் போய் நின்றது. அங்கேயே ஹவில்தார் சாக்பீஸால் கோடு போட்டார். சிக்கித் தொங்கியபடி கழற்றச் சொல்லி இருபது முறை செய்ய வைத்தார். துப்பாக்கியில் மாட்டும்போது மேகஸினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்கணும் என்று, சிறப்புப் படைக்காரனுக்கே பாடம் நடத்தினார். அவனும் "சரி மாமா" என்று கேட்டுக்கொண்டான்.

பெங்களூருக்கு இதெல்லாம் பழக்கமான சமாசாரம். 1912ல் இதே சாப்பர்ஸ் படையின் கேப்டன் மெக்ளிண்டாக், முள்கம்பி வேலியைத் தகர்க்கக் குழாயில் வெடிமருந்து அடைக்கும் உத்தியை இங்கேதான் கண்டுபிடித்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகப் படைகள் அதை இன்றும் சொல்கின்றன. நைலான் வாருக்கு அப்படிப் பெயர் கிடைக்காது. கூலியாக மருமகன் நீட்டிய பணத்தை ஹவில்தார் வாங்கவில்லை. நாடாவின் விலையை மட்டும் அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. முழங்கால் ஆறிவிட்டது, இன்னும் இரண்டு வார் வேண்டும் என்றான். ஒருவன் இவனைவிட அரையடி உயரம். இன்னொருவன் இடதுகைக்காரன், அவனுடைய டவோரில் வெற்றுக் கூடு இடப்பக்கம் தெறிக்கும்படியும், காக்கிங் ஹேண்டில் வலப்பக்கம் வரும்படியும் மாற்றியிருக்கிறார்கள்.

"அப்போ பக்கிள் வலது விலாவுல வரணும். அவனோட கை நீளம் என்னடா?" என்று கேட்டபடி ஹவில்தார், பரண்மேல் போட்டிருந்த மரச்சட்டத்தை எடுக்க ஸ்டூலைத் தேடினார்.