முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்

அந்த அம்மா தொலைபேசியில் கோபப்படவில்லை. "படம் நல்லாத்தான் வந்திருக்கு தம்பி. ஆனா மூஞ்சி ஒரு கலரு, கை ஒரு கலருன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்றாங்களாம்" என்றார்.

அப்போது நான் ஓர் இதழில் பக்க வடிவமைப்பாளன். குறுக்கோட்டப் போட்டியில் முதலாவதாக வந்த தமிழ்ப்பள்ளி மாணவியின் படம் வந்திருந்தது. உச்சி வெயிலில் எடுத்த படம். பதக்கம் பளபளத்தது, முகம் இருட்டாக இருந்தது. அச்சில் படம் இன்னும் இருளும் என்பதால் முழுப் படத்தையும் சற்று வெளிச்சமாக்குவது எங்கும் உள்ள வழக்கம். அதில் தவறில்லை. நான் அதோடு நிற்கவில்லை. முகத்தை மட்டும் தனியாக எடுத்து வெளுக்க வைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. கல்யாண ஆல்பங்களைப் பார்த்துப் பழகிய கை! பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

1994 ஜூனில், கொலைக் குற்றச்சாட்டில் கைதான ஓ.ஜே. சிம்சனின் போலீஸ் படத்தை 'டைம்' இதழ் அட்டையில் வெளியிட்டது. ஓவியர் ஒருவர் இருட்டாக்கிய படம். அதே வாரம் 'நியூஸ்வீக்' அதே படத்தை மாற்றாமல் போட்டிருந்தது. கடைகளில் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்ததால் குட்டு வெளிப்பட்டது. கறுப்பரை மேலும் கறுப்பாக்கி அச்சமூட்டுகிறார்களா என்று கண்டனம் எழுந்தது. இனவெறி நோக்கம் இல்லை என்றார் டைம் ஆசிரியர். படிக்கும் காலத்தில் இதற்காக டைமைத் திட்டியவன் நான். அவர்கள் கறுப்பைக் கூட்டினார்கள், நான் குறைத்தேன். கறுப்பு என்றால் ஒரு மாற்றுக் குறைவு என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை போலும்.

2014இல், சிரியாவில் எடுத்த படத்தின் மூலையில் தெரிந்த வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசில் பங்குபெற்ற ஒரு படக்காரருடன் 'அசோசியேட்டட் பிரஸ்' உறவை முறித்துக்கொண்டது. மூலையில் இருந்த கேமராவுக்கே அந்தத் தண்டனை. நான் தொட்டது ஒரு பிள்ளையின் முகம்.

மறுவாரம் அசல் படத்தைப் போட்டோம். 'திருத்தம்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். "போட்டா எதுக்குன்னு சொல்லணுமேப்பா" என்றார். போடவில்லை.

அந்த அம்மாவை மட்டும் நானே அழைத்து, வெளுக்க வைத்தது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அது அவ அப்பா நிறம் தம்பி" என்றார் பிறகு.