சுவரில் ஏறிய கரி

வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்திலிருந்தும், பிப்ரவரி 2ஆம் நாள் காணிக்கைத் திருநாளன்று பங்குக் கோவிலிலிருந்தும் மந்திரித்த மெழுகுதிரிகளைக் கொணர்ந்து வீட்டுப் பீடத்தில் ஏற்றுவது கரியமாணிக்கத்தில் எங்கள் குடும்ப வழக்கம். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு செபமாலை வேளையில் திருஇருதயப் படத்தை நோக்கினோம். ஆண்டவரின் திருமுகம் தெரியாதபடி கண்ணாடி கறுத்திருந்தது, சுவரிலும் கரி. பாட்டியார் இருமிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயரிலுள்ள கருமை போதாதா என்று பிள்ளைகள் நகைத்தனர். நாங்களோ திரி விற்றவரைக் குறை கூறினோம்.

குற்றம் எங்களுடையதே. உருகிய மெழுகு திரிநூல் வழியே ஏறி ஆவியாகி எரிகிறது. அப்போது பிறக்கும் கரித்துகள்கள் கனன்று ஒளிர்வதே மஞ்சள் சுடர். சுடரின் விளிம்பில் காற்றோடு கூடி அவை எரிந்து தீரவேண்டும். 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் மைக்கேல் பாரடே ஒரு மெழுகுதிரியைக் கொண்டே இதனைச் சிறுவர்க்கு விளக்கினார். நூல் நீண்டால் மெழுகு மிகுதியாக ஏறும். விசிறிக் காற்று சுடரை அலைத்தால் துகள்கள் எரியுமுன்னரே குளிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் நிகழ்ந்தன.

இப்பொழுது ஏற்றுமுன் நூலைக் கால் அங்குலமாகக் கத்தரிக்கிறோம். சன்னல் சற்றே திறந்திருக்க, செபம் முடியுமட்டும் விசிறி ஓய்வு கொள்கிறது (பிள்ளைகளுக்கு இதுவே பெருந்தவம்!). படத்தினின்று ஒரு முழம் தள்ளி, மணலிட்ட பித்தளைத் தட்டில் திரியை நிறுத்துகிறோம். எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக் மாலை பீடத்தை விட்டுப் போயிற்று. ஊதினால் மெழுகு தெறிக்குமாதலால் சிறு கிண்ணத்தால் மூடி அணைக்கிறோம். அணைந்ததைக் கண்ட பின்னரே பாட்டியார் உறங்கச் செல்வார்.

கண்ணாடியைத் துடைத்த அன்று அவர் நெடுநேரம் படத்தின் முன்னேயே அமர்ந்திருந்தார்.