குக்கர் மூடியும் பேட்டரிப் பெட்டியும்

மக்களே, வீட்டுல குக்கர் இருக்கும்ல? ஒரு தடவை அந்த மூடியை உத்துப் பாருங்க. ஆவியை அடைக்க ரப்பர் கேஸ்கட். அழுத்தம் ஏறினா விசிலடிக்க வெயிட். அதுவும் அடைச்சுக்கிட்டா சேஃப்டி வால்வு. இவ்ளோ இறுக்கமான சாமானை அம்மா தினமும் திறந்து மூடறாங்க. கேஸ்கட் தளர்ந்தா புதுசு வாங்கி மாட்டறோம். குக்கரையே யாரும் தூக்கிப் போடறதில்ல.

பிரஸ்டீஜ் குக்கர் கம்பெனி இருக்கறது நம்ம ஓசூர் சிப்காட்லதான். 1980-ல டி.வி.எஸ். 50 வந்ததும் ஓசூர்லேருந்துதான். இப்போ அங்க ஏத்தர், எங்க மத்தூருக்குப் பக்கத்துல போச்சம்பள்ளியில ஓலா. ஊரைச் சுத்தி பேட்டரி வண்டிதான். நான் அலுமினிய டை காஸ்டிங் பட்டறைக்காரன். அதனால வண்டியைப் பார்த்தா கண்ணு நேரா பேட்டரிப் பெட்டிக்குத்தான் போகும் :)

பெட்டியை ஏன் இறுக்கி மூடணும்? 2022 மார்ச்சுல வேலூர்ல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிஞ்சு ஒரு அப்பாவும் மகளும் இறந்தது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் அங்கங்க வண்டி எரிஞ்சதுக்கு அப்புறம் ஏ.ஐ.எஸ்.-156 விதியை இறுக்கினாங்க. 2022 டிசம்பர், 2023 மார்ச்சுன்னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்துச்சு. பெட்டி ஐ.பி.எக்ஸ்.7 தரத்துல இருக்கணும், அதாவது 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் முக்கினாலும் தாங்கணும். உள்ள வாயு சேர்ந்தா வெளியேற வழியும் வேணும். நம்ம சேஃப்டி வால்வேதான்!

இதுல ஒரு சூட்சுமம். ஓடி வந்த வண்டி, பெட்டிக்குள்ள 50 டிகிரின்னு வைங்க. தண்ணியடிச்சுக் கழுவினதும் 25-க்கு இறங்குது. உள்ள இருக்கற காத்து சுருங்கும். ஏறக்குறைய 80 செ.மீ. ஆழத் தண்ணி அழுத்தற அளவுக்கு வெளியிலேருந்து உறிஞ்சும். கேஸ்கட்ல மயிரிழை இடுக்கு இருந்தாலும் ஈரம் உள்ள. அதனாலதான் காத்தை மட்டும் விட்டுத் தண்ணியைத் தடுக்கற ஒரு சின்ன சவ்வை வைக்கறாங்க.

இதெல்லாம் தேவைதான். ஆனா சுலபமா முடிக்கணும்னு சிலர் சுத்தி பசையை ஊத்தி ஒட்டிடறாங்க. தண்ணி போகாது. கையும் போகாது.

எங்க ஊர்ல பால் ஊத்தற தம்பி ஒருத்தர். வாரண்டி முடிஞ்ச கொஞ்ச நாள்ல வண்டி படுத்துடுச்சு. செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உள்ள இருக்கற போர்டுதான் போச்சு, ஆனா பெட்டி ஒட்டினது, முழு பேட்டரியும் மாத்தணும்னுட்டாங்க. சொன்ன விலையைக் கேட்டு "அண்ணே, இதுக்கு ஒரு மாடே வாங்கலாம்ணே"ன்னார். இப்போ சைக்கிள்ல போறார்.

திறக்கற மாதிரி செய்ய முடியாதான்னா, முடியும். பசைக்குப் பதில் பள்ளத்துல உக்கார்ற சிலிக்கான் கேஸ்கட். போல்ட்டு ஓட்டையெல்லாம் கேஸ்கட்டுக்கு வெளிப்பக்கம். அலுமினியத்துல நேரா மரை போட்டா நாலு தடவை கழட்டினதும் தேஞ்சுடும், அதனால எஃகு இன்சர்ட். மூடியை நெம்ப ஓரத்துல ஒரு வெட்டு. முக்கியமா, ஃபியூஸுக்கும் போர்டுக்கும் தனி அறை, தனி மூடி. செல் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

கம்பெனிக்காரங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. லித்தியம் விளையாட்டுச் சாமான் இல்ல. திறந்தவர் புது கேஸ்கட் போட்டு, போல்ட்டை எதிரெதிரா சமமா இறுக்கி, காத்தடிச்சு கசிவு பார்க்காம வண்டியை விடக்கூடாது. அதுக்கு டவுனுக்கு ஒரு பயிற்சி எடுத்த மெக்கானிக், ஒரு கசிவுச் சோதனைக் கருவி இருந்தா போதுமே?

ஐரோப்பாவுல 2023-ல போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரியிலேருந்து மின்சார சைக்கிள் மாதிரி சின்ன வண்டிகளோட பேட்டரியை வெளி மெக்கானிக்கும் கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும். நம்ம ஊர் மெக்கானிக் மட்டும் என்ன இளப்பமா?

அடுத்து பேட்டரி வண்டி வாங்கப் போறவங்க மைலேஜ் கேக்கறதோட இதையும் கேளுங்க: "பெட்டி போல்ட்டா, பசையா?" நாலு பேர் கேட்டாத்தான் டிசைன் பண்றவர் காதுக்குப் போகும். உங்க வண்டியில எப்படி? சொல்லிட்டுப் போங்க.