எரிமலை ஈந்த எழிற்றீவு

அழகிய இடங்களைக் கண்டு களித்தல் எல்லார்க்கும் உவப்பாவதே. ஆயின், அவ்வழகு எங்ஙனம் உண்டாயிற்று, அதன்மேல் வாழ்வோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பவற்றையும் உசாவி அறிந்தாலன்றி யாத்திரையின் பயன் நிறைவுறாது. கிரேக்க நாட்டுச் சாந்தோரினித் தீவைக் கண்டு மீண்டபின் இவ்வெண்ணம் எம் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. அதனைக் கல்லூரி அன்பர்களோடும் மாணாக்கரோடும் பகிர்ந்துகொள்ள இவ்விழா மலர் வாய்ப்பளித்தது.

கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அழைக்க, ஏதென்சு மாநகரை அடுத்த பிரேயுசுத் துறைமுகத்திற் கப்பலேறினோம். ஏகியன் கடலில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் சென்றபின், கருமையும் செம்மையும் வெண்மையும் அடுக்கடுக்காய் விளங்கும் செங்குத்தான பாறைச் சுவரொன்று எதிரே எழுந்தது. அதன் உச்சியிற் கொக்கினம் நிரைநிரையாய் அமர்ந்தாற்போன்றதொரு தோற்றம். அணுகியபோதே, அவை சுண்ணாம்பு தீற்றிய வீடுகள் என அறிந்தோம்.

இத்தீவின் வடிவே ஒரு பேரழிவின் சுவடாகும். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளின் முன் இங்கிருந்த எரிமலை வெடித்து, நுரைக்கல்லையும் சாம்பலையும் வானளாவ வீசிற்று. அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறவே, தூணிழந்த கூரைபோல் மலையின் நடுப்பகுதி உள்விழுந்தது. கடல்நீர் அப்பள்ளத்தை நிரப்பிற்று. இன்று பிறைபோல் எஞ்சி நிற்பது அதன் விளிம்பே. கடல்மட்டத்தின் மேல் ஏறக்குறைய 300 மீற்றர் உயரம். கீழே ஏறக்குறைய 400 மீற்றர் ஆழம். ஈயா என்னும் ஊரில் ஞாயிறு மறையும் காட்சியைக் காண மாலைதோறும் பெருங்கூட்டம் திரள்கின்றது. அவர்தம் நிழற்படங்களில் நீலமாய் விரிவது அப்பள்ளமே. அதன் நடுவே கருந்திடலாய்க் கிடக்கும் நியா கமேனித் தீவு இறுதியாகப் பொங்கியது 1950 ஆம் ஆண்டிலாகும். அதன் வெடிப்புகளினின்று இன்றும் ஆவி எழுகின்றது.

எம்மைப் பெரிதும் ஈர்த்தது தீவின் தென்பாலுள்ள அக்குரோத்திரி. சாம்பலின்கீழ்ப் புதையுண்ட இப்பழநகரைத் தொல்பொருளறிஞர் இசுப்பிரிடன் மரினாத்தோசு 1967 இல் அகழத் தொடங்கினார். மாடி வீடுகளும், வடிகால் அமைந்த தெருக்களும், பெருந்தாழிகளும் வெளிப்பட்டன. குங்குமப்பூக் கொய்யும் மகளிரையும், மீன்கோவை ஏந்திய இளைஞனையும், இணையாய்ப் பறக்கும் தகைவிலான் குருவிகளையும் சுவரோவியங்களிற் காணலாம். ஓவியமொன்றிலுள்ள குரங்குகள் நம் தென்னாசியாவுக்குரிய முசுவினத்தவை என 2020 அளவில் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர்.

எரிமலையால் மாண்டோரின் உடல்கள் இந்நகரிற் கிடைத்தில. பொன்னணிகளும் மிக அரியன. முன்னெழுந்த நிலநடுக்கத்தை எச்சரிக்கையாகக் கொண்டு, எடுக்கத்தக்கன எடுத்துக்கொண்டு மக்கள் நீங்கினர் என்பது அறிஞர் துணிபு. மரக்கட்டில்கள் உக்கிப்போன வெற்றிடத்தில் அறிஞர் சாந்து வார்த்து அவற்றின் வடிவை மீட்டுள்ளனர். அக்கட்டில்களை எண்ணுந்தோறும் எம் நெஞ்சு கனத்தது. 1995 ஐப்பசியில், வலிகாமத்து மக்களோடு மக்களாய், பதினான்கு வயதில் வீடு பூட்டிப் புறப்பட்டவர் யாம். எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்றறியாது எம் அன்னையார் முற்றத்தில் நின்ற நிலை கண்முன் வந்தது. யாம் மீண்டும் எம் மனை புகுந்தோம். அக்குரோத்திரியார் எந்தக் கரையை அடைந்தனரோ! அவர்தம் நகருக்கு எவரும் மீண்டிலர்.

ஆயினும், அவர்தம் வாழ்வை மூடிய சாம்பலே பிற்காலத்தவரை வாழ்விக்கின்றது. மென்மையான எரிமலை மண்ணைக் குடைந்து மனைகள் அமைத்தனர். மழை அரிதாயினும், இரவிற் கடலினின்று வரும் ஈரத்தை அம்மண் ஏந்தி முந்திரிகைக் கொடிகளுக்கு ஊட்டுகின்றது. நம்மூரிற் போல் ஆங்குப் பந்தலிடுவதில்லை. கொடிகளைத் தரைமட்டத்திற் கூடைபோல் வளைத்துப் பின்னுகின்றனர். கடுங்காற்றுப் படாது குலைகள் அக்கூடையினுள்ளே கனிகின்றன.

ஆபத்து இன்னும் நீங்கிற்றில்லை. 1956 ஆடியை ஒட்டி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 53 பேர் மாண்டனர். வீடுகள் பல இடிந்தன. 2025 இன் தொடக்கத்தில் ஓயாது நிலம் அதிர, 11,000 இற்கு மேற்பட்டோர் தீவை விட்டகன்றனர். அதிர்வு தணிந்ததும் மக்கள் திரும்பினர். ஏறத்தாழ 15,000 பேரே வாழும் இத்தீவுக்கு 2023 இல் வந்தோர் தொகை ஏறத்தாழ 34 இலட்சம். நீரும் பாதையும் இத்துணைப் பேருக்குப் போதா. அதனால், 2025 முதல் உல்லாசக் கப்பல்களில் வருவோரை நாளொன்றுக்கு 8,000 பேருக்குள் அடக்க முற்பட்டனர்.

எம் மாணாக்கர் எவரேனும் ஆங்குச் செல்வராயின், ஞாயிறு மறையும் காட்சிக்கு ஒரு நாழிகை ஒதுக்குக. அக்குரோத்திரித் தெருக்களுக்கு ஒரு காலைப்பொழுதை முழுமையாய் அளிக்குக. முந்திரிகைத் தோட்டத்திற் குனிந்து உழைப்பாரைக் காணின், ஒரு நல்வார்த்தை சொல்லி வருக. தீவு அவர்தம் இல்லம்; நாம் விருந்தினரே.