பழைய தாள்கள்

தமிழ் கற்பித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். வயிற்றுப் பிள்ளைக்கு உணவும் உயிர்க்காற்றும் ஊட்டும் உறுப்புக்கு 'நஞ்சுக்கொடி' என்ற பெயர் எங்ஙனம் வாய்த்தது என்று பலமுறை வியந்ததுண்டு. ஊட்டும் கொடியே உயிருக்கு நஞ்சாகவும் கூடும் என்பதை 1996ஆம் ஆண்டின் ஓர் இரவில் அறிந்தேன்.

என் லாத்தா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. முன்னிரண்டு பேறுகளும் அறுவை மருத்துவத்தால் நிகழ்ந்தவை. நள்ளிரவில் உதிரம் கண்டது. "வலி இல்லையே, விடியட்டும்" என்றார் உம்மா. நஞ்சுக்கொடி கீழே அமைந்து கருப்பையின் வாயை மறைத்திருந்தால், உதிரம் பெரும்பாலும் வலியின்றியே பெருகும் என்பதை எங்களில் எவரும் அறிந்திலோம். அண்டை வீட்டுச் செவிலியின் வற்புறுத்தலால் அப்போதே புறப்பட்டோம்.

"முந்தைய பேறுகளின் தாள்கள் எங்கே?" என்பதே மருத்துவரின் முதல் வினா. பழஞ்சுவடியின் நறுக்கையும் பேணிக் காக்கும் நான், அத்தாள்களைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டிருந்தேன், தலைகுனிந்து நின்றேன். இரு அறுவைகளோடு, இடையே கலைந்த கருவைச் சுரண்டி எடுத்ததையும் லாத்தாவே தளர்ந்த குரலில் சொன்னார். அதுவரை எங்களுக்கும் மறைத்த செய்தி அது.

பழைய தழும்பில் வேர்கொண்ட நஞ்சுக்கொடி பேற்றுக்குப் பின்னும் எளிதில் பிரியாது. அறுவைகள் கூடக் கூட அவ்விடரும் கூடும். மருத்துவர் முன்கூட்டியே குருதிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். எம் கல்லூரி விடுதி மாணவர் நால்வர் ஓடிவந்து குருதி ஈந்தனர். தாயும் மகவும் பிழைத்தனர்; கருப்பையை அகற்ற நேர்ந்தது.

முப்பத்தைந்தைக் கடந்த வயது, பல பேறுகள், இரட்டைக் கரு, புகைப்பழக்கம் ஆகியனவும் நஞ்சுக்கொடி கீழமையும் வாய்ப்பை மிகுவிக்கும். உயர் இரத்த அழுத்தமும் வயிற்றில் படும் அடியும் அதனைப் பேற்றுக்கு முன்பே பிரித்துவிடக்கூடும்; அப்போது பெரும்பாலும் வலியும் இருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனில் கீழே தெரிவது, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலேறிவிடும். ஆயினும் 32ஆம் வார அளவில் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இது பெண்டிர் மட்டும் அறியவேண்டிய செய்தியன்று. கலைந்த கருவைச் சொல்வதில் நாணம் வேண்டா. பழைய தாள்களை எறிதல் வேண்டா.

அன்று பிறந்த பெண்மகவு இன்று கருவுற்றிருக்கிறாள். அவளுடைய மருத்துவத் தாள்கள் என் மேசையில், தனியொரு கோப்பில் இருக்கின்றன.