கணப்பும் கண்ணுறக்கமும்
(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், ராகலை)

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் விடுத்த மடல் ராகலைக்கு வந்து சேர்ந்த அன்று இங்கே அடைமழை. கல்லூரியின் பழம்பெருமை பற்றியும், அதன் ஆசான்கள் பற்றியும், விளையாட்டு வெற்றிகள் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். நாமோ மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பித்து வருகின்றோம். ஆதலின் கல்லூரி எமக்குப் புகட்டிய ஒரு சிறு பாடத்தையும், அதனை நாம் மறந்தமையால் நேரவிருந்த பெருங்கேட்டையும் எழுதத் துணிந்தோம். குளிர்காலத்திலே நெருப்பை அருகில் வைத்துக்கொண்டு உறங்கலாமா என்பதே பொருள். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் உயிரோடு தொடர்புடைய பொருள் எதுவும் அற்பமன்று.

நுவரெலியாவின் அயலிலே, தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் ராகலை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இவ்வூர் வரை ஒரு குறும்புகையிரதப் பாதை இருந்தது. இன்று அதன் தடமே எஞ்சியுள்ளது. புகையிரதம் போயினும் குளிர் போகவில்லை. தை, மாசி மாதங்களிலே வானம் தெளிந்த இரவுகளில் புல்மேற் பனி உறையும். பனி அடித்த கொழுந்து காலையில் வெந்தாற்போற் கருகி நிற்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பராவிலே நாம் பிறந்து வளர்ந்தோம். தகரக் கூரையின் அடியிலே குளிர் சொட்டும். இரவுச் சமையல் முடிந்ததும் எம் அன்னையார் அடுப்பில் எஞ்சிய மிலாற்றுத் தணலை ஓர் ஓட்டைச் சட்டியில் அள்ளி எம் கால்மாட்டில் வைப்பார். அந்தச் செந்தணலைப் பார்த்தபடியே கண்ணயர்ந்த இரவுகள் எத்தனையோ! அன்னையின் அன்பும் அந்தச் சட்டியின் வெம்மையும் எம் நெஞ்சில் ஒன்றாகவே பதிந்திருந்தன.

பின்னர் நம் கல்லூரியின் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே குளிருக்கு இடமில்லை, வியர்வைக்கே இடமுண்டு. விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் எரியும் மெழுகுவர்த்தியை ஒரு கண்ணாடிச் சாடியால் மூடிக் காட்டினார். சுடர் ஒடுங்கி அணைந்தது. "சுடர் உண்ணும் காற்றைத்தான் நீங்களும் உண்கிறீர்கள். அடைத்த அறையிலே நெருப்போடு படுப்பவன் தன் பங்கை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, நெருப்பின் நஞ்சைத் தான் வாங்கிக்கொள்கிறான்" என்றார். நாம் அதனைக் குறிப்பேட்டில் எழுதினோம். பரீட்சையிலும் எழுதிப் புள்ளி பெற்றோம். அத்துடன் அப்பாடம் முடிந்ததென எண்ணினோம்.

2011 ஆம் ஆண்டு, தை மாதம். எமக்கு முதற்குழந்தை பிறந்து நாற்பது நாள் கடந்திருந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து ஆசிரியரான நாம், அன்று மனைவியோடும் மகவோடும் அன்னையாரின் காம்பராவிலே தங்கியிருந்தோம். மாலை முதலே ஊதற்காற்று வீசிற்று. "பச்சப் புள்ள வெரைச்சுப் போயிரும் ராசா, சட்டிய உள்ள வையி" என்றார் அன்னையார். வைத்தது அவரல்லர், நாமே. அதுவும் போதாதென்று கதவின் கீழ் இடுக்கிலே சாக்கைச் சுருட்டி அடைத்தோம். கூரைக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்திலே பழைய சீலையைத் திணித்தோம். எம் அறிவிற்கு எட்டிய நன்மையெல்லாம் செய்துவிட்ட மனநிறைவோடு படுத்தோம்.

நள்ளிரவு கடந்து, குழந்தைக்குப் பாலூட்ட எழுந்த மனைவி எழுந்த வேகத்திலேயே விழுந்தார். அவ்வோசையிலே நாம் விழித்தோம். தலை பிளப்பது போன்ற வலி. எழ முயன்றால் முழங்கால்கள் எம்முடையவையாக இல்லை. சட்டியிலே புகை இல்லை; சிவந்த தணல் மட்டும் அமைதியாய்க் கிடந்தது. அந்தக் கணத்திலேதான் பல்லாண்டுகளின் பின் கண்ணாடிச் சாடியும் ஒடுங்கிய சுடரும் எம் நினைவில் எழுந்தன. தவழ்ந்து சென்று சாக்கை இழுத்தெறிந்து கதவைத் திறந்தோம். குழந்தையை இஸ்தோப்பிற்குக் கொண்டுவந்தோம். அது அழவில்லை. முகத்திலே குளிர்காற்றுப் பட்டுச் சிறிது நேரம் சென்ற பின்னரே ஒரு முனகல் எழுந்தது, பின்பு அழுகை. அதைப்போல் இனிய ஓசையை நாம் இன்றுவரை கேட்டதில்லை.

அயற் காம்பராக்காரர் ஓடிவந்து அன்னையாரைத் தூக்கி வெளியே கிடத்தினர். சட்டிக்கு மிக அருகிற் படுத்தவர் அவரே. முச்சக்கர வண்டியிலே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். நால்வரும் பிழைத்தோம், அன்னையார் தெளிவு பெற இரண்டு நாட்கள் சென்றன. எம்மைப் பரிசோதித்த இளம் வைத்தியர், "நீங்கள் மாஸ்டர் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு இன்னும் எம்மிடம் விடை இல்லை.

அந்நஞ்சின் பெயர் காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, கண்ணை உறுத்துவதுமில்லை. தணலின் அடியிலே பிறக்கும் காபனீரொட்சைட்டு, மேலுள்ள செங்கரியினூடே செல்லுகையில் இந்நஞ்சாக மாறுகின்றது. தணலின் மேலே சில வேளை காணப்படும் நீலச் சுடர் இவ்வாயு எரிவதேயாம். எரியாது எஞ்சியது அறையிற் பரவுகின்றது. செங்குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலான விருப்போடு இதனைப் பற்றிக்கொள்ளும். தூய காற்றுக்கு வந்த பின்பும் உடலிற் சேர்ந்ததிற் பாதி நீங்குவதற்கு நான்கைந்து மணி நேரம் செல்லும். உறங்குபவனுக்குத் தலைவலி தோன்றினும் அவன் அதனை அறியான். உறக்கம் மயக்கமாகி, மயக்கம் மரணமாகும். ஈர விறகின் புகை கண்ணைக் கரித்து மனிதரை வெளியே துரத்துகின்றது. அது திட்டித் திருத்தும் உறவினன் போன்றது. புகையற்ற தணலோ சிரித்துக் கொல்லும் பகைவன் போன்றது. நீறு பூத்த நெருப்பு என்று வஞ்சகர்க்கு உவமை கூறிய நம் முன்னோர் காரணமின்றிக் கூறினாரல்லர்.

இது லயத்து ஏழைகளுக்கு மட்டும் நேர்வதன்று. உரோமப் பேரரசனாய்ப் பின்னர் விளங்கிய யூலியன், நான்காம் நூற்றாண்டிலே பாரிசு நகரிற் குளிர்காலத்தைக் கழித்தபோது, தன் அறைக்குள் தணலைக் கொணரச் செய்து மயங்கி வீழ்ந்ததைத் தானே எழுதி வைத்துள்ளான். 2020 ஆம் ஆண்டு தை மாதத்திலே நேபாளத்தின் தாமன் என்னும் மலைவாழிடத்திற்குச் சென்ற கேரளத்தார் எண்மர், ஒரே அறையில் வாயு வெப்பமூட்டியை வைத்து உறங்கி உயிரிழந்தனர். அவருள் நால்வர் சிறுவர். 2024 ஆம் ஆண்டு ஆவணியையொட்டிக் கொடைக்கானலிலே, இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறையினுள் வைத்துப் படுத்த இளைஞர் இருவர் விடியலைக் காணவில்லை. நுவரெலியாவிற்குக் குளிர் காண வரும் நண்பர்கள் இதனை மனத்திற் கொள்வாராக.

அப்படியாயின் மின் வெப்பமூட்டி நன்றன்றோ எனின், அது நஞ்சு கக்காது என்பது உண்மையே. ஆனால் அது வேறு வகையில் ஆபத்துடையது. 2000 உவாற்று வெப்பமூட்டி நம் 230 உவோற்று மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 9 அம்பியரை இழுக்கும். பழைய லயங்களிலும் விடுதிகளிலும் உள்ள 5 அம்பியர்ச் செருகியோ அதிற் பாதியளவே தாங்கவல்லது. மெல்லிய நீட்டுக் கம்பியிலே அதனை மாட்டி விட்டு உறங்கினால், கம்பி காய்ந்து, உறை உருகித் தீப்பற்றும். உலர்வதற்காக அதன்மேற் போட்ட ஒரு குழந்தைத் துணியும் போதும். ஒட்டிய கூரையுடைய லயத்திலே ஒரு காம்பராவில் எழுந்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. மேலும் இரவு எட்டு மணி நேரம் எரித்தால் பதினாறு அலகு மின்சாரம் செல்லும். நாட்கூலியில் வாழ்பவர் அதனை எங்ஙனம் தாங்குவர்?

ஆயின் "நெருப்பே வேண்டாம்" என்று கூறிவிட்டுக் கை கழுவுவதும் அறமாகாது. குளிரும் கொல்லும். பிறந்த குழந்தையும், இளைப்பு நோயாளரும், முதியோரும் குளிரிற்கு எளிதில் இரையாவர். எம் அன்னையார் சட்டி வைக்கச் சொன்னது அறியாமையால் மட்டுமன்று. ஐந்து பிள்ளைகளை அக்குளிரிலே காத்தெடுத்த அநுபவத்தாலுமாகும். அந்நாளிலே கூரைச் சந்துகள் திறந்தே கிடந்தன. நாகரிகம் கற்ற மகன் வந்து அவற்றை அடைத்தான். பிழை எவருடையது என்பதை அன்பர்களே தீர்ப்பாராக.

இரண்டையும் சீர்தூக்கி நாம் கைக்கொண்ட முறை இது. மாலையிலே கதவைத் திறந்து வைத்துச் சட்டியால் அறையைச் சூடாக்குவோம். படுக்குமுன் சட்டியை வாசலுக்கும் அப்பாற் கொண்டு சென்று தணலை நீரூற்றி அணைப்போம். சாம்பல் மூடிய தணலும் நஞ்சு கக்குமாதலின் அது தானே ஆறட்டும் என்று விடுவதில்லை. பின்பு கொதிநீரைப் போத்தலில் அடைத்து, துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துப் படுக்கையைச் சூடாக்குவோம். குழந்தையைக் கிடத்துமுன் அதனை எடுத்துவிடுவோம். அறையைக் காய்ச்சுவதினும் உடலைப் போர்த்துவதே சிறந்தது என்பது எம் முடிபு. சன்னலைச் சற்றே திறந்து வைத்துவிட்டு நெருப்போடு உறங்கலாகாதா என்பார் உளர். நள்ளிரவிலே குளிர் தாங்காது எவரேனும் எழுந்து அதனைச் சாத்துவர். ஆதலின் அதனை நம்பற்க.

சென்ற ஆண்டு மாலை வகுப்பிலே நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை விளக்கிக்கொண்டிருந்தோம். வாடைக்கு அஞ்சிய மாந்தர் சாளரக் கதவுகளை இறுக அடைத்துவிட்டு, வாயகன்ற தடவிலே நெருப்பிட்டுக் குளிர் காயும் பகுதி வந்தது. கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் எழுந்து, "ஐயா, அப்படி அடைச்சா அவங்க செத்துப் போக மாட்டாங்களா?" என்றாள். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. நூலை மூடிவைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் கண்ணாடிப் போத்தலும் கொணரச் சொன்னோம். சுடர் ஒடுங்கி அணைந்தபோது வகுப்பிலே அமைதி நிலவிற்று. அன்று வீடு சென்ற பிள்ளைகளிற் பலர் தம் வீட்டுச் சட்டியை வெளியேற்றியதாக மறுநாள் கூறினர். தமிழாசிரியர் விஞ்ஞானம் படிப்பிக்கின்றாரே என்று எவரும் குறை கூறவில்லை.

எமக்கு அப்பாடம் புகட்டிய ஆசிரியர் இன்று இல்லை. அன்று அழாது கிடந்த குழந்தை இன்று உயர்ந்து வளர்ந்த பெண்பிள்ளை. பனிக்காலத்து இரவுகளிலே சட்டி அணைந்ததா என்று பார்த்து வருபவள் அவளே. கற்றதனைப் பரீட்சைத் தாளிலே விட்டு வருதல் கல்வியாகாது. அது படுக்கையறை வரை உடன்வருதல் வேண்டும். இதனை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். இவ்விழா நாளிலே நம் கல்லூரிக்கு ராகலை மலையிலிருந்து நாம் செலுத்தும் காணிக்கை இச்சிறு கட்டுரையே. கல்லூரி நீடு வாழ்க!