ஃபோர்ட்ரானும் என் தந்தையும்

செத்த மொழியைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று விடுதி நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இயற்பியல் மாணவனான நான் ஃபோர்ட்ரான் கற்பதைத்தான் சொல்கிறார்கள்.

1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் படைத்தளித்த கணிப்பொறி மொழி அது. அதன் பழைய இலக்கணம் மிகக் கண்டிப்பானது. துளை அட்டையில் 80 கட்டங்கள். முதல் ஐந்தில் கட்டளையின் எண். ஆறாவதில் குறியிட்டால் முந்தைய வரியின் தொடர்ச்சி. கட்டளை 7 முதல் 72 வரை மட்டுமே. ஒரு கட்டம் முன்னே நகர்ந்தாலும் முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும்! நண்பர்கள் சிரிப்பது இங்கேதான். (பைத்தானில் இடம்விட்டு எழுதும்போது மட்டும் சிரிப்பதில்லை.)

கடைசி எட்டுக் கட்டங்களை ஃபோர்ட்ரான் கண்டுகொள்வதே இல்லை. அட்டைகள் சிதறினால் திரும்ப அடுக்குவதற்கான வரிசை எண்ணை அங்கே இடுவார்கள். இதைச் சொன்னதும், ஆறாம் வகுப்போடு தறிக்குப் போன என் தந்தைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஜக்கார்டு அட்டை வரிசை மாறினால் சேலையில் பூ கெட்டுவிடும் அல்லவா? என் படிப்பைப் பற்றி அவர், "சரி, அப்புறம்?" என்று கேட்டது அன்றுதான் முதல் முறை.

1991-இல் வெளியான ஃபோர்ட்ரான் 90 தரம், கட்டக் கணக்கின்றி எழுதவும் வழிசெய்தது. லாப்பேக் என்னும் கணித நூலகம் இன்றும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கிறது. பைத்தானின் சைபை தொகுப்பே அதை அழைக்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால், வேலைக்கு உதவாது என்கிறார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன் நான். வேலை கிடைத்தே ஆகவேண்டும். எனவே பகலில் பைத்தான், இரவில் ஃபோர்ட்ரான்.